உலாவியிலேயே ஆடும் இலவச விளையாட்டுகள்: ஆடியவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடைசிவரிசை எழுதியது:

வணக்கம். பதிவிறக்கமோ நிறுவலோ இல்லாமல், முகவரியைத் தட்டியதும் உலாவியிலேயே ஆடத் தொடங்கக்கூடிய இலவச விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். சிறந்த இருபது, சிறந்த ஐம்பது என்ற பட்டியல்கள் தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றை இங்கே ஒட்ட வேண்டாம். ஆடும்போது அந்த விளையாட்டு உங்களை எப்படி நடத்தியது, எந்தக் கட்டத்தில் சலித்தது, டேப்பை மூடும்போது என்ன தோன்றியது என்பதை எழுதினால் போதும். பழைய மடிக்கணினியில் தடங்கலின்றி ஓடுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

நானே தொடங்கி வைக்கிறேன். 2048 விளையாட்டை அறியாதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பார்கள். இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி தமது 19 வயதில், 2014 மார்ச்சில், ஒரு வார இறுதியில் எழுதி வெளியிட்டது. நான்குக்கு நான்கு கட்டம். அம்புக்குறி விசைகள் மட்டும். ஒரே எண் கொண்ட இரு கட்டைகள் மோதினால் இரட்டிக்கும். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் புதிதாக வரும் கட்டை பத்தில் ஒன்பது முறை 2 ஆகவும் ஒரு முறை 4 ஆகவும் இருக்கும். அதாவது ஒரு நகர்வுக்குச் சராசரியாக 2.2 மட்டுமே பலகையில் கூடுகிறது. 2048 என்ற கட்டையை எட்டச் சராசரியாக 930 நகர்வுகளுக்கு மேல் ஆகும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. இவ்வளவு நகர்த்தியும் சலிப்பு வராததற்குக் காரணம், தோற்கும்போது யாரும் உங்களை எதையும் வாங்கச் சொல்வதில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். உயிர் தீர்ந்துவிட்டது, முப்பது நிமிடம் காத்திருங்கள் என்ற பேச்சே அதில் இல்லை. ஆட்டம் முடிந்தது என்று ஒரு வரி. மீண்டும் ஆட ஒரு பொத்தான்.

குறை என்று சொன்னால், பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு மேல்நோக்கிய விசையைத் தொடாமலே ஆடும் உத்தியைக் கற்றுக்கொண்ட பிறகு விளையாட்டின் பாதி உயிர் போய்விடுகிறது. விரல்கள் மட்டும் ஆடுகின்றன, மனம் வேறெங்கோ இருக்கிறது.

---

ஆறாம்விரல் எழுதியது:

கடைசிவரிசை அவர்கள் குறிப்பிட்ட அந்த மூலை உத்திக்கு ஒரு வரலாறு உண்டு. 2048 வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே ஆண்டு பிப்ரவரியில், ‘த்ரீஸ்’ என்ற கட்டண விளையாட்டு கைப்பேசியில் வெளியானது. அதை உருவாக்கியவர்கள் ஓராண்டுக்கு மேல் உழைத்தார்கள். அதில் ஒரு நகர்வில் கட்டைகள் ஒரே ஓர் இடம் மட்டுமே நகரும்; 1-உம் 2-உம் சேர்ந்தால்தான் 3; அடுத்து வரப்போகும் கட்டையை முன்கூட்டியே காட்டும். மூலையில் பெரிய எண்ணை நிறுத்தி வைத்துக் கொண்டு கண்ணை மூடி ஆடும் வழி இந்த வகை ஆட்டத்தில் இருப்பதைத் தொடக்கத்திலேயே கவனித்ததாக அவர்கள் பின்னர் தங்கள் மின்னஞ்சல்களோடு சேர்த்து நீண்ட கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஆகவே 2048 இலவசமாக இருந்ததால் மட்டும் பரவவில்லை. எளிதாக வெல்லக்கூடியதாகவும் இருந்ததால் பரவியது. சிருல்லி மீது குற்றமில்லை. அவர் நிரலைத் திறந்த மூல உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தார், அதனால்தான் எண்களுக்குப் பதில் நாய், பழம், நடிகர் முகம் என்று எத்தனையோ நகல்கள் முளைத்தன. ஆனால் உலாவியில் நாம் இலவசமாகப் பெறும் பல விளையாட்டுகளின் அடியில் வேறு யாரோ உழைத்துச் செய்த சிந்தனை இருக்கிறது என்பதை ஒரு பக்கம் குறித்து வைக்க வேண்டும்.

---

திண்ணைவாசி எழுதியது:

என் கருத்து சற்றுக் கசப்பானது. ‘குக்கீ கிளிக்கர்’ என்று ஒன்றைப் பரிந்துரைத்தார்கள் என்று போய்ப் பார்த்தேன். திரையின் இடப்பக்கம் ஒரு பெரிய பிஸ்கட். அதைச் சொடுக்கினால் ஒன்று கூடுகிறது. 15 சேர்ந்தால் தானாகச் சொடுக்கும் ஒரு சுட்டியை வாங்கலாம், 100 சேர்ந்தால் ஒரு பாட்டியை வாங்கலாம், பாட்டி பிஸ்கட் சுடுவார். பிறகு பண்ணை, சுரங்கம், தொழிற்சாலை என்று போகிறது. எங்கேயும் தோற்க முடியாது; ஆகவே வெல்லவும் முடியாது. தோல்வியே இல்லாத ஒன்றை விளையாட்டு என்று அழைப்பதே பிழை என்பது என் துணிபு. எண் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வங்கிக் கணக்கே போதும், அங்கே எனக்கு அந்தச் சிக்கல் எழுவதில்லை என்பது வேறு விஷயம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

> தோல்வியே இல்லாத ஒன்றை விளையாட்டு என்று அழைப்பதே பிழை

திண்ணைவாசி ஐயாவின் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ‘ஓர்டெயில்’ என்ற புனைபெயரில் அறியப்படும் பிரெஞ்சுக்காரர் 2013 ஆகஸ்டில் வெளியிட்ட அந்த விளையாட்டின் உள்ளே ஒரே ஒரு எண்தான் எல்லாவற்றையும் ஆள்கிறது: ஒரு பொருளை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதன் அடுத்த விலை 15 விழுக்காடு ஏறும். ஐந்து வாங்கினால் விலை ஏறத்தாழ இரட்டிப்பு. ஐம்பது வாங்கினால் ஆயிரம் மடங்குக்கும் மேல். பாட்டியின் உற்பத்தியோ ஒரே அளவில் நிற்கும். ஆகவே எந்தக் கட்டத்தில் பாட்டியை விட்டுவிட்டுப் பண்ணைக்கு மாறுவது, எப்போது கையிருப்பைச் செலவிடாமல் வைத்திருந்து பெரிய மேம்பாட்டை வாங்குவது என்ற கேள்வி ஒவ்வொரு நிமிடமும் எழுகிறது. நமது ஊர் மளிகைக் கடைக்காரர் சரக்கு எடுக்கும்போது போடும் கணக்கும் இதுவே.

அதற்கு மேல் ஒரு நுட்பம் உண்டு. ஓரளவு வளர்ந்த பிறகு எல்லாவற்றையும் துறந்து முதலிலிருந்து தொடங்கினால் நிரந்தரமான ஒரு பலன் கிடைக்கும். அந்தப் பலன் நீங்கள் இதுவரை சுட்ட மொத்த எண்ணிக்கையின் கன மூலத்தைப் பொறுத்தது. பலனை இரட்டிக்க வேண்டுமானால் எட்டு மடங்கு சுட வேண்டும். எப்போது துறப்பது என்பதைச் சரியாகத் தீர்மானிப்பவருக்கும் அவசரப்படுபவருக்கும் இடையே பெருத்த வேறுபாடு விழும். தோல்வி இல்லை என்பது உண்மை. ஆனால் வீணடித்தல் உண்டு, அது போதுமான தண்டனை.

எனக்குள்ள குறை வேறு. பொன்னிற பிஸ்கட் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையில் தோன்றி 13 வினாடிகளில் மறைந்துவிடும். அதைச் சொடுக்கினால் உற்பத்தி 77 வினாடிகளுக்கு ஏழு மடங்காகலாம். தானாக ஓடும் என்று விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற வாக்குறுதியை இந்த ஓர் அம்சம் உடைத்துவிடுகிறது. மேசையில் வேறு கோப்பு திறந்திருக்கும்போதும் ஒரு கண் அந்த டேப்பிலேயே இருக்கும். விளையாட்டில் பணம் பிடுங்கும் எண்ணமே இல்லாதபோதும் நம் கவனத்தைப் பிடுங்குவதற்கு இவ்வளவே போதுமாக இருக்கிறது.

---

திண்ணைவாசி எழுதியது:

கன மூலம் வரை போய்விட்டீர்கள். மளிகைக் கடைக்காரர் மாலையில் கல்லாப் பெட்டியைக் கணக்குப் பார்த்துக் கடையை மூடுவார். இந்த பிஸ்கட் கடைக்கு மூடும் நேரமே இல்லை. அதுதான் என் புகார், அது இன்னும் நிற்கிறது.

---

நடுச்சாமம் எழுதியது:

மூடும் நேரம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன், திண்ணைவாசி அவர்கள் தயவுசெய்து இதை ஆடிப் பார்க்க வேண்டும். ‘எ டார்க் ரூம்’ என்பது பெயர். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் டவுன்சென்ட் 2013இல் உலாவிக்காக எழுதியது. முகவரியைத் திறந்தால் வெள்ளைப் பின்னணியில் சில வரிகள்: அறை குளிர்ந்து கிடக்கிறது, நெருப்பு அணைந்துவிட்டது. நெருப்பை மூட்ட ஒரே ஒரு பொத்தான். படம் இல்லை, பயிற்சி இல்லை, உங்கள் பெயர் என்ன என்ற கேள்வியும் இல்லை. சொடுக்கியதும் அந்தப் பொத்தானின் மேல் ஒரு பட்டை மெல்லக் குறையும். அது முடியும் வரை மறுபடி சொடுக்க முடியாது. முதல் இரண்டு நிமிடம் வேறெதுவும் நடக்காது. ஏமாற்றிவிட்டார்கள் என்று டேப்பை மூடுகிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தில்தான் மூடுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒருவர் கதவைத் தாண்டி உள்ளே வந்து விழுகிறார். விறகு குறைகிறது. வெளியே காடு இருக்கிறது என்று தெரிகிறது. பொறி வைக்கலாம், குடில் கட்டலாம், குடிலுக்கு ஆட்கள் வருவார்கள். திரையில் ஒரு பொத்தானாக இருந்தது மூன்றாகிறது, பத்தாகிறது. ஒரு கட்டத்தில் திசைகாட்டி ஒன்று கைக்கு வந்தவுடன் புள்ளிகளாலும் எழுத்துகளாலும் ஆன ஒரு வரைபடம் விரிகிறது. அதில் நீங்கள் ஒரு குறியாக நடக்கிறீர்கள். உப்புக்கண்டமும் தண்ணீரும் எவ்வளவு எடுத்துச் சென்றீர்களோ அவ்வளவு தூரம்தான் போய் வர முடியும். பேராசையால் நான்கு அடி கூடுதலாக நடந்தால் வழியிலேயே மடிந்து, சுமந்து வந்ததை எல்லாம் இழப்பீர்கள். ஆகவே இங்கே தோல்வியும் உண்டு.

இதற்கு மேல் கதையைச் சொல்வது பாவம். ஒன்றை மட்டும் சொல்லலாம்: அந்தக் கிராமத்தில் நீங்கள் யார் என்ற கேள்வியை விளையாட்டு நேரடியாக எங்கும் கேட்பதில்லை, ஆனால் சில சொற்களை நிதானமாகப் படித்தவர்களுக்கு முதுகில் சில்லிட்டுவிடும். முழுவதையும் ஒரு மாலைப் பொழுதிலோ இரண்டிலோ முடித்துவிடலாம். முடிவு என்று ஒன்று இருக்கிறது. முடிந்த பிறகு மீண்டும் வா என்று அது அழைப்பதும் இல்லை. இதே விளையாட்டின் கைப்பேசிப் பதிப்பு 2014இல் அமெரிக்க ஆப் ஸ்டோரில் கட்டணப் பட்டியலின் உச்சியை எட்டியது. உலாவிப் பதிப்பு இன்றும் இலவசம், நிரலும் திறந்தே கிடக்கிறது. பழைய மடிக்கணினி பற்றிய கேள்விக்கு விடை: வெறும் எழுத்துதான் என்பதால் எதிலும் ஓடும்.

இதற்கு அண்ணன் தம்பி முறையில் இன்னொன்று, 2017இல் ஃப்ராங்க் லான்ட்ஸ் வெளியிட்ட ‘யூனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்’. காகிதக் கவ்வி செய்யும் ஒரு பொத்தானில் தொடங்கும். கவ்விகளை மட்டுமே செய்யப் பணிக்கப்பட்ட ஓர் அறிவு இயந்திரம் உலகிலுள்ள எல்லாவற்றையும் கவ்வியாக்கிவிடுமா என்று தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரம் முன்வைத்த சிந்தனைச் சோதனையை ஆடிப் பார்க்கும் வடிவம் அது. கடைசிப் பொத்தானை அழுத்தும்போது நாம் எதையெல்லாம் யோசிக்காமல் சொடுக்கிக்கொண்டே வந்தோம் என்று உறைக்கும். எண் பெருகுவதைப் பார்க்கும் ஆசை என்னவென்று குக்கீ கிளிக்கர் சிரித்துக்கொண்டு காட்டுகிறது. இது சிரிக்காமல் காட்டுகிறது.

---

வலைமுடிச்சு எழுதியது:

எல்லோரும் தனியாக ஆடுபவற்றையே பேசுகிறீர்கள். பலர் சேர்ந்து ஆடும் ‘அகார்.ஐஓ’ வகையைப் பற்றிச் சொல்கிறேன். பிரேசிலைச் சேர்ந்த மாத்தேயுஸ் வலதாரெஸ் 2015 ஏப்ரலில் வெளியிட்டார். நீங்கள் ஒரு வட்டம். உங்களைவிடச் சிறியதை விழுங்கலாம், பெரியதிடமிருந்து ஓட வேண்டும். பெருக்கப் பெருக்க வேகம் குறையும். இடைவெளி விசையை அழுத்தினால் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி பாய்ந்து செல்லும். இவ்வளவு குறைந்த விதிகளுக்குள் பேராசை, கூட்டணி, துரோகம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அறிமுகமில்லாத ஒருவர் தம் உடலில் ஒரு துண்டை உங்களுக்கு ஊட்டி நட்புக் காட்டி, நீங்கள் அருகே வந்ததும் பிளந்து விழுங்குவதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் இந்த வகை விளையாட்டுகளைப் பற்றி நம் பக்கத்திலிருந்து எழுதப்படும் கருத்துகளில் பாதி உண்மையில் விளையாட்டைப் பற்றியவை அல்ல, தூரத்தைப் பற்றியவை. ஒளியிழையில் சமிக்ஞை வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். விளையாட்டின் சர்வர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; சென்னையிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 7,500 கி.மீ. போய்த் திரும்ப 15,000. ஆக, கம்பி நேராகவே சென்றாலும் 75 மில்லி வினாடிக்குக் குறைய வழியே இல்லை. கம்பி நேராகச் செல்வதில்லை என்பதால் நடைமுறையில் அது இரட்டிக்கும். திரையோ வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது நீங்கள் பார்த்து நகர்த்தியது சர்வரை எட்டுவதற்குள் எதிரி ஒன்பது பத்துச் சட்டகம் முன்னால் போய்விட்டிருப்பார். சிங்கப்பூரில் சர்வர் இருந்தால் அடிப்படைத் தாமதம் 30 மில்லி வினாடிக்குள் வந்துவிடும். ஆகவே இத்தகைய விளையாட்டைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது சர்வர் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறதா என்று பார்ப்பது. அதன் பிறகே விமர்சனம்.

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இவை பெரும்பாலும் வெப்சாக்கெட் என்ற இணைப்பு முறை வழியாக சர்வருடன் பேசுகின்றன. அது டிசிபி என்ற நெறிமுறையின் மேல் அமைந்தது. அதில் வரிசை மாறக் கூடாது. நடுவில் ஒரு தகவல் பொட்டலம் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும் வரை பின்னால் வந்தவை எல்லாம் கதவடியில் காத்துக் கிடக்கும். அரை வினாடி எல்லாம் உறைந்து நின்று, பிறகு எல்லா வட்டங்களும் ஒரே தாவலில் இடம் மாறுவது இதனால்தான். செல்பேசி இணையத்தைப் பகிர்ந்து ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

---

டைனோசார்_ரசிகை எழுதியது:

இணையமே இல்லாதபோதும் ஆடக்கூடிய உலாவி விளையாட்டை யாரும் சொல்லவில்லையே. குரோமில் இணைப்பு அறுந்ததும் வரும் அந்த டைனோசார் 2014 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முழுவதும் ஆடி முடிக்க 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் ஆகும்படி அமைத்ததாக உருவாக்கியவர்களே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிகளும் அலுவலகங்களும் இதைத் தடை செய்வதற்கென்றே நிர்வாகிகளுக்குத் தனி அமைப்பு ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு விளையாட்டுக்குக் கிடைக்க முடியாது.

---

மாலைமணி எழுதியது:

நான் ஆடுபவள் அல்ல, ஆடும் பிள்ளையின் தாய். நீங்கள் சொல்லும் விளையாட்டுகளின் உண்மையான முகவரிக்குப் பிள்ளைகள் போவதில்லை என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வரும் தொகுப்புத் தளத்துக்குப் போகிறார்கள். என் மகன் திறந்த ஒரு தளத்தில் விளையாட்டைத் தொடங்கும் பொத்தானைப் போலவே நிறத்திலும் அளவிலும் ஒரு விளம்பரப் பொத்தான் அதற்கு மேலேயே இருந்தது. ஆட்டத்தில் தோற்றதும் முப்பது வினாடி விளம்பரத்தைப் பார்த்தால் உயிர் திரும்பும் என்றது. பார்த்து முடித்ததும் மூடும் குறி மூலையில் அரிசி அளவில் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தவறாகத் தொட்டு வேறொரு பக்கத்துக்குப் போவது விபத்து அன்று, அப்படிப் போக வேண்டும் என்றே அமைத்திருக்கிறார்கள்.

என் கேள்வி இது: விளம்பரமே இல்லாமல், உண்மையாகவே இலவசமாக, பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறதா? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்தால் நம்பிக்கை வரும்.

---

ஆறாம்விரல் எழுதியது:

மாலைமணி அம்மா, இருக்கிறது. லிசெஸ். பிரான்சைச் சேர்ந்த திபோ துப்லெஸ்ஸி 2010இல் தொடங்கிய சதுரங்கத் தளம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்காமலே ஆடலாம், நிரல் முழுவதும் திறந்த மூலம். லாப நோக்கற்ற அமைப்பாக நன்கொடையில் நடக்கிறது, என்ன செலவாகிறது என்ற கணக்கையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிறகுச் சின்னம் கிடைக்கும், அவ்வளவுதான். கொடுக்காதவருக்கு மறுக்கப்படும் வசதி ஒன்றுகூட இல்லை. ஆட்டத்துக்குப் பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க இயந்திரத்தை உங்கள் உலாவிக்குள்ளேயே ஓட்டி எந்த நகர்வில் தவறினோம் என்று பார்க்கலாம்.

ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு நிமிட ஆட்டத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிடாதீர்கள். விளம்பரமும் கட்டணமும் இல்லாத அந்தத் தளத்திலேயே, தோற்றவுடன் மறு ஆட்டம் கேட்கும் பொத்தானை நள்ளிரவு தாண்டியும் அழுத்திக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். பத்து நிமிடத்துக்குக் குறையாத ஆட்டங்களில் தொடங்கச் சொல்லுங்கள்.

---

யாழ்வாசி எழுதியது:

உலாவி விளையாட்டுகள் ஃப்ளாஷ் என்ற செருகுநிரலில் ஓடிய காலத்தை மூத்தவர்கள் ஏன் மறந்துவிட்டார்கள் என்று தெரியவில்லை. 2008இல் வந்த ‘குவாப்’ நினைவிருக்கிறதா? பென்னட் ஃபாடி என்ற தத்துவ ஆய்வாளர் செய்தது. ஓட்டப் பந்தய வீரரின் தொடைகளுக்கு இரண்டு விசைகள், கெண்டைக்கால்களுக்கு இரண்டு விசைகள். நூறு மீட்டர் ஓட வேண்டும். ஆனால் முதல் மூன்று மீட்டரிலேயே அவர் முதுகு தரையில் இருக்கும். இணையக் கடையில் நான்கு பேர் ஒரு கணினியைச் சூழ்ந்து நின்று சிரித்து ஆடிய ஆட்டம் அது.

அடோபி நிறுவனம் 2017இலேயே அறிவித்தபடி 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாமலும் செய்துவிட்டது. ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கானவர்கள் ஆடிய ‘ஃபார்ம்வில்’ அதே டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. நட்ட பயிரைக் குறித்த நேரத்தில் வந்து அறுக்காவிட்டால் வாடிப் போகும்படி வைத்து, மனிதர்களை அலாரம் வைத்து எழ வைத்த விளையாட்டு அது. ஆனால் அதே அறையில் இருந்த ஆயிரக்கணக்கான சிறு விளையாட்டுகளும் சேர்ந்தே இருட்டில் விழுந்தன. இப்போது ஃப்ளாஷைப் போலவே செயல்படும் ‘ரஃபிள்’ என்ற திறந்த மூல இயக்கி பழைய கோப்புகளைச் செருகுநிரல் இல்லாமலே உலாவியில் ஓட்டுகிறது. இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பர் முதல் அதைக் கொண்டு ஒரு தொகுப்பைத் திறந்து வைத்திருக்கிறது. குறை என்னவென்றால், ஃப்ளாஷின் பிற்கால நிரல்மொழியில் எழுதிய சிக்கலான விளையாட்டுகள் சில நேரம் பாதியில் நின்றுவிடுகின்றன. முந்தைய காலத்து எளிய விளையாட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகின்றன.

---

கடைசிவரிசை எழுதியது:

ஃபார்ம்வில் பற்றிய யாழ்வாசியின் குறிப்பும், மூடும் நேரம் பற்றிய திண்ணைவாசியின் புகாரும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. உலாவி விளையாட்டிலிருந்து வெளியேற ஒரு டேப்பை மூடினால் போதும். காசு கொடுத்து வாங்கியதில்லை என்பதால் பாதியில் விட்டோமே என்ற உறுத்தலும் இல்லை. வெளியேறுவது இவ்வளவு எளிது என்று தெரிந்த ஒருவர் அதைச் செய்யும்போது என்ன செய்கிறார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். பயிரை வாட வைப்பது ஒரு வழி. தானாக முன்வந்து இன்றைக்குப் போதும் என்று சொல்வது இன்னொரு வழி. இரண்டாவது வகையை யாராவது ஆடியிருக்கிறீர்களா?

---

நடுச்சாமம் எழுதியது:

‘வேர்டில்’ என்ற ஆங்கிலச் சொல் புதிர் அதற்கு நேரான எடுத்துக்காட்டு. ஜோஷ் வார்டில் தம் துணைவருக்காக உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுவில் வைத்தார். ஐந்து எழுத்துச் சொல்லை ஊகிக்க ஆறு வாய்ப்பு, ஒவ்வோர் எழுத்தும் சரியா என்று நிறம் காட்டும், ஒரு நாளைக்கு ஒரே புதிர். எவ்வளவு ஆசைப்பட்டாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி 90 பேர் ஆடியதாகவும், இரண்டே மாதத்தில் அது 3 லட்சமானதாகவும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிறகு 2022 ஜனவரி இறுதியில் அந்த நாளிதழே அதை வாங்கியது. அப்போது சுமார் 2,300 விடைகளும் உலாவிக்கு வரும் நிரலுக்குள்ளேயே வரிசையாக இருந்ததால், பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டாலே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இணையமின்றி ஆடலாம் என்று சிலர் சேமித்தும் வைத்தார்கள். 2024இல் அந்த நாளிதழ் வேர்டில் நகல்களின் நிரல்களை, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து அகற்றக் கோரி அறிவிக்கை அனுப்பியதைப் பார்க்கும்போது, 2048 பற்றி ஆறாம்விரல் சொன்னதற்கு நேர் எதிரான கதை நினைவுக்கு வருகிறது.

கணக்குத் தொடங்க வேண்டும் என்பதால் இழையின் விதியைச் சற்று மீறுகிறேன்: 2003 முதல் நடக்கும் ‘கிங்டம் ஆஃப் லோதிங்’ விளையாட்டிலும் ஒரு நாளைக்கு அடிப்படையாக நாற்பது நகர்வுகள்தாம். குச்சி மனிதர்களைக் கோட்டோவியமாகப் போட்டு, நாணயத்துக்குப் பதில் இறைச்சியைப் புழங்கவிட்டு, வரிக்கு வரி ஆங்கிலச் சிலேடையால் நிரப்பியிருக்கிறார்கள். நகர்வு தீர்ந்தால் அன்றைய கடை மூடப்படும். சிலேடை ரசிக்காதவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

---

யாழ்வாசி எழுதியது:

வேர்டில் பாணியில் தமிழில் செய்ய முயல்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ‘வானம்’ நமக்கு மூன்று எழுத்து. யூனிக்கோடு கணக்கில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது ஐந்து. எழுத்துகளைச் சரியாகப் பிரித்துவிட்டாலும் அடுத்த சிக்கல் வருகிறது: விடையில் ‘வா’ இருக்க ஆடுபவர் ‘வி’ என்று போட்டால் என்ன நிறம் காட்டுவது? முழுத் தவறு என்று சொன்னால் 247 எழுத்துகளில் ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மெய் சரி, உயிர் தவறு என்பதற்கென்று தனி அடையாளம் வைப்பதுதான் ஆடுவதற்கு ஏற்றது என்பது என் அனுபவம்.

---

திண்ணைவாசி எழுதியது:

நடுச்சாமம் சொன்ன காகிதக் கவ்வியை ஆடினேன். முடித்தேன். அது விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். முடிவு இருப்பதால் ஒப்புக்கொள்கிறேன். பிஸ்கட் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் எ டார்க் ரூமில் ஓரளவு வளர்ந்திருந்த கிராமம், உலாவியைச் சுத்தம் செய்யும் செயலியை வீட்டில் யாரோ ஓட்டியதில் மறைந்துவிட்டது. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு ஆட வேண்டுமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வேண்டாம், ஐயா. கணக்கு இல்லாத உலாவி விளையாட்டுகள் உங்கள் முன்னேற்றத்தை வெளியே எங்கும் அனுப்புவதில்லை. உலாவிக்குள் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் எழுதி வைக்கின்றன. வரலாற்றை அழிக்கும்போது தளத் தரவு என்ற பெட்டியிலும் குறியிட்டால் அது போய்விடும். மறைநிலைச் சாளரத்தில் ஆடினால் சாளரத்தை மூடியதும் போய்விடும். ஆப்பிளின் சஃபாரியில் இன்னொரு விதி: 2020 மார்ச் முதல், ஒரு தளத்தை நீங்கள் தொடாமல் ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தினால், அந்தத் தளம் எழுதி வைத்ததை அதுவே அழித்துவிடும். விளம்பர நிறுவனங்கள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்க வந்த ஏற்பாடு, சிறு விளையாட்டுகளையும் சேர்த்துத் தாக்கிவிட்டது.

எ டார்க் ரூம் திரையின் அடிப்பகுதியில் சேமிப்பு என்ற இணைப்பு இருக்கும். அதில் ஏற்றுமதியைத் தேர்ந்தெடுத்தால் பொருள் புரியாத ஒரு நீண்ட எழுத்துச் சரம் கிடைக்கும். அதை நகலெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வேறு கணினியில், வேறு உலாவியில், அதே இடத்தில் இறக்குமதியைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் கிராமம் அப்படியே திரும்பும். குக்கீ கிளிக்கரிலும் அமைப்புகள் பகுதியில் இதே வசதி உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது என்றாலும். ஒட்டும்போது முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ விடுபட்டால் ஏற்காது. சரம் முழுவதும் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.